பொதிக்குள் கடிதம் வைக்கக் கூடாது

ஜேர்மன் தபால் கந்தோருக்குப் புத்தகத்தின் மேல் ஒரு தனிப் பட்சம் இருந்தது. புத்தகத்தை மட்டும் அனுப்புவதென்றால் மற்றப் பொதிகளை விடக் குறைந்த முத்திரை போதும். உறையின் மேல் 'பூஹர்செண்டுங்' என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். நிபந்தனை இரண்டு. உறையை ஒட்டக் கூடாது. அவர்கள் திறந்து பார்க்கக் கூடியதாக, இரண்டு கால் விரிக்கும் பித்தளைக் கிளிப் ஒன்றைத்தான் குத்தலாம். அடுத்தது, உள்ளே கடிதம் ஒன்றும் இருக்கக் கூடாது. புத்தகம் புத்தகமாகவே போக வேண்டும்.

அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் முதலாவதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். இரண்டாவதுக்குப் பென்சில் இருந்தது. பக்க ஓரத்தில், அத்தியாயம் முடிந்த வெற்றிடத்தில், கடைசி அட்டையின் உட்புறத்தில் எழுதிவிடுவார்கள். தமிழில் எழுதினதைப் பிரித்துப் பார்த்து வாசிக்க எந்தத் தபால்காரரால் முடியும்? ஹாகனிலிருந்து வந்த புத்தகம் எங்கள் வீட்டில் இரண்டு கிழமை தங்கி, பிறகு வூப்பெற்றாலுக்கோ எசனுக்கோ போகும். போகும் இடமெல்லாம் ஓரங்கள் கறுத்துக்கொண்டே போகும். பொதியைக் கந்தோருக்குக் கொண்டுபோவது என் வேலை. அப்பாவின் ஜேர்மன் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்துவிட்டது. "உள்ளே கடிதம் உண்டா?" என்று கேட்பார்கள். நான் இல்லை என்பேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அப்பா 1984 இல் ஏரோபுளொட்டில் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் தாண்டியவர். அந்த நாளில் வந்த எங்கள் ஆட்கள் கனபேருக்கு அதுதான் வழி. அம்மாவும் நானும் இரண்டு வருடம் கழித்து வந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. முதலில் அகதிகளைத் தங்கவைக்கும் ஒரு ஹைம், பழைய பள்ளிக்கூடக் கட்டடம், ஒரு குசினிக்கு எட்டுக் குடும்பம். பிறகு வன்ன-ஐக்கலில் ஒரு வீடு கிடைத்தது. அந்த ஊரை 1975 இலேயே ஹேர்ன நகரோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் கீழ்வீட்டு முதியவர் தன்னை ஒருநாளும் ஹேர்னக்காரன் என்று சொன்னதில்லை. ஊரை மாற்றி எழுதினால் ஆள் மாறிவிடுமா என்பது அவருடைய கட்சி. அப்பாவுக்கு அந்த ஒரு விசயத்திலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு இருந்தவர்கள் தங்கள் பகுதியை விட்டு வெளியே போவதென்றால் வெளிநாட்டவர் கந்தோரில் தாள் எடுக்க வேண்டும். பக்கத்து நகரத்துக் கூட்டாளி வீட்டுக்குச் சோறு தின்னப் போவதற்கும் அதே தாள்தான். ஆள் போக முடியாத இடத்துக்குப் புத்தகம் போய்வந்தது இப்படித்தான். அப்பாவின் கைவசம் இருந்தவை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். ஊரிலிருந்து யாரோ சூட்கேசின் அடியில் வைத்துக் கொண்டுவந்தது ஒன்று, பாரிசில் வாங்கினது இரண்டு, இந்தியாவுக்குப் போய்வந்தவர் தந்தது சில. எல்லாவற்றுக்கும் அல்டிக் கடைப் பொலித்தீன் பையை வெட்டி உறை போட்டிருந்தார்கள். ஆகவே எங்கள் வீட்டுப் புதுமைப்பித்தனும் ஜெயகாந்தனும் ஒரே நீலத்தில் ஒரே கோடு போட்டவர்களாக இருந்தார்கள். எனக்கு நெடுங்காலம் எல்லாத் தமிழ்ப் புத்தகத்தையும் எழுதினவர் ஒருவர்தான் என்ற எண்ணம் இருந்ததற்கு அந்த உறையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஆட்கள் வருவார்கள். தாள் எடுத்தவர்களும் வருவார்கள், எடுக்காதவர்களும் வருவார்கள். சப்பாத்துகள் மாடிப்படி வரை நிற்கும். மாவுக்கும் வெங்காயத்துக்கும் நடுவே அம்மா ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருப்பா. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். கோப்பைகள் என்று எங்களிடம் இருந்தவை கடுகுப் பசை வந்த கண்ணாடிப் போத்தல்கள். மூடியைக் கழற்றி எறிந்தால் நல்ல கிளாஸ். பெரும்பாலானவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள். விரல் நுனியெல்லாம் சவர்க்காரத் தண்ணியில் ஊறி வெளிறிப் போயிருக்கும். அந்த விரல்களால் போத்தலைப் பிடித்துக்கொண்டு, புதுமைப்பித்தன் பெரிதா மௌனி பெரிதா என்று குரல் உயர்த்துவார்கள்.

புதிதாக ஒருவர் வந்தால் இரண்டு கேள்வி. "ஊரில எவ்விடம்?" என்பது முதலாவது. அடுத்தது, "உமக்குப் பிடிச்ச எழுத்தாளர் ஆர்?" முதல் கேள்வியில் ஊர் மட்டும் இல்லை, ஊருக்குள் எந்தக் குறிச்சி, எந்த ஆட்கள் என்ற விசாரணையும் ஒளிந்திருக்கிறது என்பது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது கேள்வியும் அப்படிப்பட்டதுதான் என்பது எனக்கு மெல்லமெல்லத்தான் விளங்கிற்று. ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், காரணமும் சொல்வார்கள். நடை, உத்தி, சமூகப் பார்வை என்று அழகான காரணங்கள். சொன்ன காரணத்துக்காக யாராவது ஒரு எழுத்தாளரை நேசித்ததை அந்த அறையில் நான் கண்டதாக ஞாபகம் இல்லை.

முல்லைத்தீவு மாமாவைப் பாருங்கள். அவருக்கு 'நிலக்கிளி'யை விட்டால் வேறு உலகம் இல்லை. பாலமனோகரன் எழுதி, 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல். எழுபதுகளில் இந்திய இதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் இலங்கை அரசு இறக்குமதிக் கட்டுப்பாடு போட்டது. அந்த இடைவெளியில்தான் வீரகேசரி மாதாமாதம் எங்கள் ஆட்களின் நாவல்களை மலிவு விலையில் அச்சடித்துத் தள்ளியது. மாமா அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். பொருளாதாரக் கொள்கை, தேசிய இலக்கியம், மண்வாசனை. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அவர் கையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பிரதியில் தண்ணிமுறிப்புக் குளம் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கலாக எழுதியிருந்தது: "இந்தக் கட்டில் சைக்கிள் உருட்டியிருக்கிறன். செயின் கழரும்." அதற்குக் கீழே எசன்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: "எனக்கும்."

அவ்வளவுதான். இலக்கிய விமர்சனம் முடிந்தது.

அந்த எழுத்தாளரே பிறகு டென்மார்க்கில் வந்து குடியேறினார். எங்களுக்கு மேலே ஒரு தேசம் தள்ளி. தண்ணிமுறிப்பை எழுதினவர் அந்தக் குளிருக்குள் இருக்கிறார் என்பதை மாமாவால் நம்ப முடியவில்லை. ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்து அந்தக் குளக்கட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லை தாண்டுவதற்கான கடவுச்சீட்டு அவருக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை.

அப்பா கூட்டத்தில் எப்போதும் புதுமைப்பித்தன் கட்சி. செங்கை ஆழியான் பெயரை யாராவது எடுத்தால், "அது வாசிக்கச் சுகம், அவ்வளவுதான்" என்று ஒரு கையசைப்பில் ஒதுக்கிவிடுவார். 'வாடைக்காற்று' படமாக வந்தபோது யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் சனம் முண்டியடித்ததைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சப்பாத்துப் பெட்டியில் 'வாடைக்காற்று' இருந்தது. அதை அவர் யாருக்கும் பொதி கட்டி அனுப்பவில்லை. கேட்டவர்களிடம் வேறொருவர் கொண்டுபோய்விட்டார் என்று சொன்னார்.

அந்த நாவலின் களம் நெடுந்தீவு. வாடைக்காலத்தில் மீன்பிடிக்க அங்கே வந்து வாடி போடுகிற மனிதர்களின் கதை. அப்பா கலியாணம் கட்டுவதற்கு முன்னால் நெடுந்தீவில் சங்கக்கடை மனேஜராக இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கல்வேலிகளையும் காட்டுக்குதிரைகளையும் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் புத்தகத்தை ஒரு மத்தியானம், வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். அப்போது எனக்குத் தமிழ் வாசிப்பு நொண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். ஓரங்களில் அப்பாவின் கையெழுத்து. கணக்குப் புத்தகக்காரரின் சின்னச் சின்ன எழுத்து: "குமுதினிப் படகு, காலை." இன்னொரு இடத்தில்: "சீனி 2 மூடை குறைவு." கதைக்கும் சீனிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் நாவலை வாசிக்கவில்லை, நாவல் நடந்த இடத்துக்குள் போய் மறுபடி வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று நடந்த கொலைகளைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியதே இல்லை. அந்தப் பக்கத்திலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. படகு, காலை, அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

ஹாகன் அண்ணா வந்த நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஒல்லி. இரவல் ஜக்கெட், கை நீளம் காணாது. ஊரைக் கேட்டார்கள், சொன்னார். அறையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அது என்ன இடைவெளி என்று எனக்கு அப்போது தெரியாது. அடுத்த கேள்வி வந்தது.

"டானியல்" என்றார்.

ஒருவர் தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்தார். இன்னொருவர், வயதில் மூத்தவர், ஊரில் ஆசிரியராக இருந்தவர், மிக மரியாதையாகவே சொன்னார்: "நல்ல மனிசன்தான். ஆனா கலை எண்டு பாத்தா... எல்லாம் சாதியைப் பற்றின புத்தகம்தானே."

அண்ணா சண்டைக்குப் போகவில்லை. கையிலிருந்த கடுகுப் போத்தலை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், என்ரை ஐயா தேத்தண்ணி குடிச்ச பேணி அந்தப் புத்தகத்தில இருக்கு" என்றார். "கடைக்கு வெளியில, தனிக் கம்பியில தொங்கும். குடிச்சிட்டுத் தானே கழுவி வைக்கோணும். வேற ஆர் அதை எழுதினவை? சொல்லுங்கோ, நான் அவையையும் வாசிக்கிறன்."

மாஸ்டர் சொல்லவில்லை. சொல்ல ஆட்கள் இருந்தார்கள்தான். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கே. டானியல் எழுதின 'பஞ்சமர்' 1972 இல் வந்தது. அதற்கு முன்னமே அவர் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தோடு தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் கோயில் பிரவேசத்துக்கும் ஆட்களைத் திரட்டி நின்றவர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அந்தப் பிரவேசப் போராட்டத்தின்போது நடந்தது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லோரும் அதை ஒரே விதமாகச் சொல்வதில்லை. வைத்தியத்துக்காகத் தமிழ்நாட்டுக்குப் போன டானியல் 1986 இல் தஞ்சாவூரில் இறந்தார். இந்த விபரமெல்லாம் நான் பின்னால் வாசித்து அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரிப் போத்தலில் குடித்துக்கொண்டிருந்தார்கள், குடித்த போத்தலை எல்லாம் நான்தான் கழுவினேன். ஹாகன் அண்ணா மட்டும் தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தார். அம்மா அவரைப் பார்த்துச் சத்தம் போட்டா. "தம்பி, வையும் அதை. இஞ்ச பிள்ளை நிக்கிறாள்." அம்மாவின் குரலில் இருந்த கோபம் அவர் மேல் இல்லை என்பதைக் குழந்தையாக இருந்தாலும் உணர்ந்தேன்.

அடுத்த மாதம் 'பஞ்சமர்' பொதியில் வந்தது. மாஸ்டரின் கையெழுத்து நடுவில் ஓரிடத்தில் இருந்தது. "எங்கள் வீட்டுக் கிணறு" என்று மட்டும் எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தார். என்னைக் கேட்டால் அந்த ஓரங்களில் எழுதப்பட்டதிலேயே பெரிய விமர்சனம் அதுதான். கூட்டத்தில் வைத்து ஒருநாளும் அவர் அதைச் சொல்லமாட்டார்.

கீழ்வீட்டு முதியவரைப் பற்றிச் சொன்னேன். ஓப்பா என்றுதான் நான் கூப்பிடுவேன். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பேசும்போது மூச்சு இழுக்கும். முற்றத்தில் புறாக்கூடு வைத்திருந்தார், அந்தப் பக்கத்துச் சுரங்கக்காரர் பலரையும் போல. அவருடைய அலுமாரியில் கார்ல் மையின் புத்தகங்கள் பச்சை அட்டையும் பொன் எழுத்துமாக வரிசையாக நின்றன. அப்பாவுக்கு அவ்வளவு புத்தகத்தை ஒரு வீட்டில் பார்த்ததும் தாங்கவில்லை. யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் போயிற்று என்பதை அவர் ஜேர்மனில் சொல்லப் பழகியிருந்த மிகச் சில வசனங்களில் ஒன்றாக வைத்திருந்தார். அதை ஓப்பாவிடமும் சொன்னார். ஓப்பா எழுந்து போய் ஒரு பச்சைப் புத்தகத்தை எடுத்து அப்பா கையில் வைத்தார். ஆறுதலுக்குக் கொடுத்தாரா, வாசிக்கக் கொடுத்தாரா என்று தெரியாது. வாசிக்க அப்பாவால் முடியாது.

நான்தான் மொழிபெயர்ப்பு. அமெரிக்கக் காட்டுக்குள் வின்னெட்டூ என்ற செவ்விந்தியத் தலைவன், அவனுடைய ஜேர்மன் நண்பன், குதிரை, துப்பாக்கி. எழுதினவர் அமெரிக்காவுக்கே போகாமல் எழுதினாராம். போனது 1908 இல், எழுதிப் பெயர் எடுத்த பிறகு, அப்போதும் மேற்குப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரே அதிர்ச்சி. "பாக்காத ஊரைப் பற்றியோ? அதை எப்பிடி நம்புறார் எண்டு கேள்."

கேட்டேன். ஓப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் எடுத்தது. பிறகு சொன்னார், இந்தப் பக்கத்துச் சுரங்கத்தைப் பற்றி எழுதின ஆளும் இருக்கிறார், மக்ஸ் ஃபொன் டேர் குறூன் என்று பெயர், தானே சுரங்கத்துக்குள் வேலை செய்தவர், டோட்முண்டில் இருக்கிறார். அவர் எழுதினது ஒவ்வொன்றும் சரி. சரியாக இருப்பதால்தான் தான் அவரை வாசிப்பதில்லை. "முப்பது வருசம் நான் கீழே இருந்திருக்கிறேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்ந்து, மறுபடி கீழே இறங்கவா?"

நான் இதைத் தமிழில் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. மேலே வந்து அம்மாவிடம், "பாவம், அந்தாளுக்கு வெளியால போகோணும். எங்களுக்கு உள்ளுக்குப் போகோணும்" என்றார். அப்பா சொன்ன இலக்கிய விமர்சனங்களில் எனக்கு இன்றைக்கும் பயன்படுவது அந்த ஒன்றுதான். புதுமைப்பித்தனைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது.

மக்ஸ் ஃபொன் டேர் குறூனை ஓப்பா வாசிக்காவிட்டால் என்ன, நான் வாசித்தேன். அவர் சிறுவர்களுக்கென்று 1976 இல் எழுதின 'ஃபோர்ஷ்டட் க்ரோக்கொடீல' அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது பாடப்புத்தகம் மாதிரி. டோட்முண்டுப் புறநகரில் ஒரு பிள்ளைக் கூட்டம். அவர்களோடு சேர ஆசைப்படும் சக்கர நாற்காலிப் பையன். கைவிடப்பட்ட செங்கல் சூளை. களவு நடந்ததும் சந்தேகம் யார் மேல் போகிறது என்று நினைக்கிறீர்கள்? இத்தாலியிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் மேல். நகரசபை நூலகத்தின் தரைவிரிப்பில் இருந்து அந்த இடத்தை வாசித்தபோது எனக்குக் காது சுட்டது. எங்கள் மாடிப்படியில் சைக்கிள் காணாமல் போனபோது முதலில் தட்டப்பட்ட கதவு எங்களுடையது.

ஆறாம் வகுப்பில் ஜேர்மனி முழுக்க ஒரு வாசிப்புப் போட்டி நடக்கும். 1959 இலிருந்து நடக்கிறது. புத்தக வியாபாரிகளின் சங்கம் நடத்துவது. பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தானே தெரிவுசெய்து, வகுப்புக்கு முன்னால் நின்று அறிமுகப்படுத்தி, ஒரு பகுதியை உரத்து வாசிக்க வேண்டும். நான் அந்தச் சந்தேகப் பகுதியை எடுத்தேன். ஏன் இந்தப் புத்தகம் பிடிக்கும் என்று ஆசிரியை கேட்டா. "விறுவிறுப்பாக இருக்கிறது" என்றேன். அப்பாவின் கூட்டாளிகள் நடை, உத்தி என்று சொன்ன அதே வேலையைத்தான் நானும் செய்தேன். ஆசிரியை புள்ளி போட்டா.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களே பத்திரிகை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். முதலில் கையால் எழுதிப் போட்டோப்பிரதி எடுத்தவை, பிறகு தட்டச்சில் வந்தவை. ஜேர்மனியில் மட்டும் எத்தனை! ஒரு அறையில் நாலு பேர் இருந்தால் அதில் ஒருவர் ஆசிரியராக இருப்பார் என்று அம்மா பகிடி விடுவா. பத்திரிகைக்காரர்களும் வாசகர்களும் முகம் பார்த்துப் பேசுவதற்கென்று 1988 இல் எங்கள் ஹேர்னவிலேயே முதலாவது இலக்கியச் சந்திப்பு நடந்தது. தலைவர் இல்லை, யாப்பு இல்லை, அங்கத்துவம் இல்லை. ஒரு நகரத்தில் முடிந்தால் அடுத்த நகரத்துக்காரர் பொறுப்பெடுப்பார்கள். அப்படியே ஜேர்மனியைத் தாண்டிப் பாரிஸ், சுவிஸ், லண்டன், நோர்வே, கனடா என்று போய், 2013 இல் யாழ்ப்பாணத்தில் 41ஆவது நடந்தது. தலைவர் இருந்த எத்தனையோ சங்கங்கள் அதற்குள் ஐந்தாறாக உடைந்து போயின.

அப்பா என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார், அம்மாவுக்கு வேலை என்பதால். வாடகைக்கு எடுத்த மண்டபம், மடக்குக் கதிரைகள், ஒரு மூலையில் பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி. ஒரு பெண் எழுந்து நின்று, இங்கே நீங்கள் சொன்ன பெயர்களில் ஒரு பெண் பெயரும் இல்லையே என்று கேட்டா. ஆண்கள் தலையைச் சொறிந்தார்கள். யாரோ ஔவையார் என்றார்கள். மண்டபம் சிரித்தது, அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதே காலத்தில் பெண்கள் தங்களுக்கென்று பெண்கள் சந்திப்பு தொடங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அன்று அங்கே மேசையில் கிடந்த 'தூண்டில்' இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பார்த்திபன் என்பவர் எழுதின கதை. ஜேர்மனியில், எங்களைப் போன்ற அகதிகளின் நடுவே நடக்கும் கதை. தமிழ் எழுத்தில், ஊரோ குளமோ தென்னையோ இல்லாமல், எங்கள் ஹைம் மாதிரி ஓர் இடம், எங்கள் வீட்டுக்கு வருகிற மாமாக்கள் மாதிரி ஆட்கள். தமிழில் எழுதினால் அது எப்போதும் அப்பாவின் ஊரைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். கறி ஆறும்வரை அந்த மேசைக்கு அடியில் இருந்து வாசித்தேன். விளங்காத இடம் கனக்க இருந்தது. ஆனால் உள்ளுக்குப் போகிறது என்று அப்பா சொன்னது எப்படிப்பட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த எழுத்தாளரின் கதைகள் வெகுகாலம் கழித்துத்தான் 'கதை' என்ற எளிய பெயரில் தொகுப்பாக வந்தன. பிறகு பேர்லினில் டாக்சி ஓட்டிய அனுபவங்களைப் 'பெர்லின் இரவுகள்' என்று எழுதிய பொ. கருணாகரமூர்த்தியும் என் பட்டியலில் சேர்ந்தார். யாரும் காரணம் கேட்டால் நான் இப்போதும் நடை என்றுதான் சொல்கிறேன்.

1994 மே முதலாம் திகதி பாரிசில் சபாலிங்கத்தை அவருடைய வீட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். எழுதுகிறவர், புத்தகம் போடுகிறவர், எங்கள் வீட்டுக்கு வருகிற சிலருக்கு நேரில் தெரிந்தவர். அதன் பிறகு கொஞ்சக் காலம் சனிக்கிழமைகளில் சப்பாத்து குறைந்தது. புதியவர்களிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்பதை நிறுத்தினார்கள். பிடித்த எழுத்தாளர் யார் என்று சொன்னால் நீ யார் பக்கம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளும் காலம் அது. பொதிகள் மட்டும் நிற்கவில்லை. ஆனால் வந்த புத்தகங்களில் பழைய பென்சில் எழுத்துகளை யாரோ அழிறப்பரால் அழித்திருந்தார்கள். தாள் மெலிந்து, விளக்குக்கு நேரே பிடித்தால் எழுதின பள்ளம் தெரியும். அப்பா சமையலறை விளக்குக்கு அடியில் அப்படிப் பிடித்து வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் எல்லாம் அம்மாவை யாரும் சேர்க்கவில்லை. அம்மா வாசித்தவர் ரமணிசந்திரன். தமிழ்க்கடையில் வீடியோ கசெட் வாடகைக்கு எடுக்கும்போது, மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் தொங்கும் மாத நாவலையும் எடுத்துவிடுவா. வேலை, அதாவது கந்தோர்களைக் கூட்டித் துடைப்பது, முடிந்து வந்து, காலைச் சுடுதண்ணிக்குள் வைத்துக்கொண்டு வாசிப்பா. மாமாக்கள் கேலி செய்வார்கள். பணக்காரக் கதாநாயகன், ஏழைக் கதாநாயகி, இடையில் ஒரு சந்தேகம், கடைசியில் கலியாணம். "அக்கா, நாப்பதாம் பக்கத்தில நிப்பாட்டினாலும் முடிவு எனக்குத் தெரியும்" என்பார் முல்லைத்தீவு மாமா. அம்மா பதில் பேசமாட்டா. எங்கள் கேஸ் முடிவு தெரியாமல் மேன்முறையீட்டில் கிடந்த வருடங்கள் அவை. முடிவு முன்கூட்டியே தெரிந்த கதை ஒன்று ஒரு மனிசிக்கு ஏன் தேவைப்பட்டது என்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

அப்பா போன பிறகு, அம்மாவை என்னோடு கூட்டிவருவதற்காக வன்ன-ஐக்கல் வீட்டை ஒதுக்கினோம். சப்பாத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவின் நாவல்கள் ஒரு கட்டு. அவற்றுக்கு அல்டி உறை இல்லை. இவற்றை யார் பொதி கட்டி அனுப்பியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சும்மா ஒன்றைப் புரட்டினேன். கடைசி அட்டையின் உட்புறத்தில் பென்சில் எழுத்து, வூப்பெற்றாலில் எந்த முகவரிக்கு நான் எத்தனையோ முறை பொதி அனுப்பினேனோ, அந்த ஆளின் கையெழுத்து. முல்லைத்தீவு மாமா.

"முடிவு தெரிஞ்சதுதான் அக்கா. எண்டாலும் விடிய நாலு மணியாச்சு. அடுத்தது இருந்தா அனுப்புங்கோ. அத்தானுக்குச் சொல்ல வேண்டாம்."

அதற்குக் கீழே அப்பாவின் சின்ன எழுத்து: "வாசித்தேன். அனுப்புகிறேன்."